கே நண்பர்களின் கூட்டுச் சுற்றுலா: தாய்லாந்தா, இலங்கையா, கம்போடியாவா?

கே நண்பர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, விகாரையும் கடற்கரையும் உள்ள ஏதாவது ஒரு நாட்டுக்குப் பத்து நாள் போய்வரலாம் என்று பேச்செடுத்தால், முதலில் வருகிற பெயர் தாய்லாந்து. உடனே ஒருவர், "பக்கத்திலேயே இலங்கை இருக்கே, செலவும் கம்மி" என்பார். இன்னொருவர் அங்கோர் வாட் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவார். அதற்கு நாலு பேர் இதயம் போடுவார்கள். அதோடு பேச்சு அப்படியே கிடக்கும். ஆறு மாதம் கழித்து யாருக்காவது போனஸ் வந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். முடிவெடுக்க உதவும் என்று இந்த மூன்று நாடுகளையும், ஓரமாக லாவோஸையும் இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன்.

என் அளவுகோல் என்ன என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கே குழுவோடு போவதில் பெரிய லாபம் இரவு விடுதி அல்ல. அது தனியாகப் போனாலும் கிடைக்கும். சாப்பிட உட்காரும்போது "உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா, எத்தனை பசங்க" என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்ற நிம்மதிதான் லாபம். வேனில் பக்கத்தில் இருப்பவரின் தோளில் சாய்ந்து தூங்கலாம். இரண்டு பேருக்கு ஒரே கட்டில் என்று வரவேற்பு மேசையில் குரலைத் தாழ்த்தாமல் சொல்லலாம். இந்தச் சுகத்தைத் தருவது குழு. நல்ல குழுவாக இருந்தால் இது எந்த நாட்டிலும் கிடைத்துவிடும். ஆகவே எந்த நாடு நம்மை அதிகம் கொண்டாடுகிறது என்று நாடுகளுக்குள் போட்டி வைப்பதில் எனக்கு ஆர்வம் இல்லை. நான் கேட்பது வேறு. ஒரு நாள் எல்லாம் கெட்டுப்போனால் என்ன ஆகும்? டேட்டிங் ஆப்பில் பழகி அறைக்கு வந்தவன் பணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான், அல்லது வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு மிரட்டுகிறான். நள்ளிரவில் ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கிறது. அப்போது நடந்ததை நடந்தபடி போலீஸிடமும் மருத்துவரிடமும் சொல்ல முடியுமா? நாடுகளுக்கு நடுவே உள்ள உண்மையான வேறுபாடு இங்கேதான் தெரியும்.

தாய்லாந்தில் சொல்ல முடியும். ஆணும் ஆணும் உறவு கொள்வது அங்கே 1956-ல் வந்த தண்டனைச் சட்டத்திலிருந்தே குற்றமில்லை. 2024 ஜூன் 18 அன்று செனட் சபை திருமணச் சமத்துவ மசோதாவை 130-க்கு 4 என்ற கணக்கில் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23-ல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தென்கிழக்கு ஆசியாவில் இதுதான் முதல் நாடு. ஆசியாவில் தைவானுக்கும் நேபாளத்துக்கும் அடுத்தது. சுற்றுலாப் பயணிகளுக்கென்று தனிப் போலீஸ் இருக்கிறது, எண் 1155. அங்கே ஆங்கிலத்தில் பேசலாம். "அவன் என் அறைக்கு வந்தான்" என்று சொன்னால், யாருடைய அறை, ஏன் வந்தான் என்பது உங்கள் மேல் வழக்காகத் திரும்பாது. பாங்காக்கில் தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கம் 1991 முதல் நடத்திவரும், பெயர் கேட்காத எச்.ஐ.வி. பரிசோதனை மையம் ஒன்றும் உண்டு.

இலங்கை இதற்கு நேரெதிர். ஒரே பாலினத்தவர் உறவைக் குற்றமாக்கும் 365, 365ஏ பிரிவுகள் 1883-ல் வந்த தண்டனைச் சட்டக் கோவையில் இன்னும் இருக்கின்றன. இந்தியாவில் 2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம் பல்லைப் பிடுங்கிய 377-ன் உடன்பிறப்புதான் இந்த 365. அதற்குப் பத்து ஆண்டு வரை தண்டனை. 365ஏ முன்பு ஆண்களை மட்டுமே குறித்தது. 1995-ல் சட்டத்தைத் திருத்தியபோது நீக்கியிருக்கலாம். அதற்குப் பதில் பெண்களையும் உள்ளே இழுத்துக்கொண்டார்கள். இந்தப் பிரிவுகளை மாற்ற ஒரு தனிநபர் மசோதா வந்தது. அது அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று 2023 மே மாதம் இலங்கை உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றவில்லை. 2025 செப்டம்பரில் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை, பால்புதுமைப் பயணிகளை வரவேற்கும் ஒரு முயற்சிக்கு ஆதரவுக் கடிதம் கொடுத்தது. சில நாட்களிலேயே மதத் தலைவர்கள் கொதித்தெழுந்தார்கள். அரசாங்கத்தின் ஒரு கை வாசலைத் திறக்கிறது, மறு கை சாத்துகிறது.

அந்தச் சட்டத்தில் சுற்றுலாப் பயணியை உள்ளே தள்ளுவது அரிது என்பார்கள். உண்மைதான். ஆனால் நான் கவலைப்படுவது சிறையைப் பற்றி அல்ல, மிரட்டலைப் பற்றி. சட்டம் புத்தகத்தில் இருக்கும்வரை மிரட்டுகிறவன் கையில் அது துருப்புச் சீட்டு. பணத்தைப் பறிகொடுத்தவர் முறைப்பாடு கொடுக்கப் போனால், என்ன நடந்தது என்று சொல்வதே அவருடைய ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும். அதனால் போக மாட்டார். போக மாட்டார் என்பது மிரட்டுகிறவனுக்கும் தெரியும்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. கே சுற்றுலாக் கம்பெனிகளின் விளம்பரங்களில் இலங்கைக் குழுப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். சீகிரியா உச்சியில் சட்டையில்லாமல் எட்டு வெள்ளைக்காரர்கள். அவர்களிடம் கண்டும் காணாமல் நடந்துகொள்வது போல நம்மிடமும் நடந்துகொள்வார்கள் என்று கணக்குப் போடாதீர்கள். தமிழ் பேசும் பழுப்பு நிற ஆண்கள் கூட்டமாகப் போனால் போலீஸ்காரர் கண்ணுக்கு முதலில் உள்ளூர் ஆட்களாகத்தான் தெரிவார்கள். பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டிய பிறகுதான் சுற்றுலாப் பயணி. இதில் ஒரு சௌகரியமும் இருக்கிறது. இரண்டு ஆண்கள் ஒரே அறை எடுப்பதும், தோளில் கை போட்டுக்கொண்டு நடப்பதும் அங்கே யாருக்கும் வித்தியாசமாகப் படாது. அது நம் ஊர் வழக்கமும்தான்.

இவ்வளவு சொல்லிவிட்டு இலங்கையைத் தள்ளிவிடலாமே என்றால், மனம் வரவில்லை. கே ஆண்களின் வரலாற்றைத் தேடிப் போகிறவருக்கு இந்தத் தீவில் இருப்பது தாய்லாந்தில் இல்லை. பேருவளைப் பக்கம் பீவிஸ் பாவா வளர்த்த பிரீஃப் தோட்டம் இருக்கிறது. பீவிஸ் 1909-ல் பிறந்து 1992-ல் இறந்தவர், தோட்டக் கலைஞர், தன் விருப்பத்தை மறைத்துக்கொள்ளாமல் வாழ்ந்தவர். ரப்பர் தோட்டமாக இருந்த குடும்ப நிலத்தை மாற்றி, நிழலும் குளமும் ஆண் உருவச் சிலைகளும் நிறைந்த இடமாக ஆக்கினார். கொஞ்ச தூரத்தில், பெந்தோட்டைக்கு அருகே, அவருடைய தம்பி ஜெஃப்ரி பாவாவின் லுனுகங்கை. நாட்டின் மிகப் பெரிய கட்டடக் கலைஞர் நாற்பதுகளின் கடைசியில் வாங்கிய நிலத்தைச் சாகும்வரை செதுக்கிக்கொண்டே இருந்த இடம் அது. கொழும்பில் லயனல் வென்ட் பெயரில் அரங்கம் இருக்கிறது. 1944-ல் இறந்த அந்தப் புகைப்படக் கலைஞர் எடுத்த ஆண் உடல் படங்களைப் பார்த்தால், எண்பது ஆண்டுகளுக்கு முன்பு இவ்வளவு துணிச்சலா என்று தோன்றும். இந்த மூன்று இடங்களையும் இரண்டு நாளில், அவசரமில்லாமல் பார்த்துவிடலாம். பாங்காக்கின் எந்தச் சந்தும் தர முடியாத அனுபவம் இது. நமக்கும் முன்னோர்கள் உண்டு, அவர்கள் தோட்டமும் வீடும் வைத்து வாழ்ந்தார்கள் என்று கண்ணால் பார்க்கிறோம்.

மற்றபடி இலங்கையின் வழித்தடம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: தம்புள்ளைக் குகைகள், சீகிரியா, பொலன்னறுவை கல் விகாரை, கண்டி தலதா மாளிகை, மலைநாட்டு ரயில், காலிக் கோட்டை. சீகிரியா நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்கு அதிகம், சார்க் நாட்டவருக்குச் சலுகை உண்டு. எல்ல என்ற மலையூருக்குப் போகும் ரயிலை நம்பித் திட்டம் போடுகிறவர்கள், 2025 நவம்பர் இறுதியில் அடித்த டிட்வா புயலில் மலைநாட்டுப் பாதை பலத்த சேதமடைந்தது என்பதை நினைவில் வைத்து, எந்தப் பகுதியில் வண்டி ஓடுகிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பௌர்ணமி தோறும் போயா விடுமுறை. அன்று மது விற்பனை கிடையாது. யாருடைய பிறந்தநாளாவது போயாவில் வந்தால் முதல் நாளே சரக்கு வாங்கி வையுங்கள்.

கம்போடியா அமைதியான மாணவன். ஆணும் ஆணும் உறவு கொள்வது அங்கே குற்றமில்லை. 2004-ல், சான் பிரான்சிஸ்கோவில் நடந்த திருமணங்களைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, தம் நாட்டிலும் இதை அனுமதிக்கலாம் என்று எழுதினார் அப்போதைய அரசர் சிஹானூக். சட்டம் அதன் பிறகும் நகரவில்லை, ஆனால் தொந்தரவும் இல்லை. சியெம் ரீப் சின்ன ஊர். கே பார்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவில்தான். அங்கே போவது அங்கோருக்காக. நுழைவுச் சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. மூன்று நாள் சீட்டுதான் சரி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்குக் கட்டிப் பிறகு புத்தத் தலமான கோயில்தான் அங்கோர் வாட். பாற்கடல் கடையும் நீண்ட புடைப்புச் சிற்பத்துக்கு முன்னால் நம் குழுவுக்கு வழிகாட்டியே வேண்டாம். பாட்டி சொன்ன கதை போதும்.

ஆனால் பத்து நாள் குழுப் பயணத்தை அங்கோரை மட்டும் வைத்து ஓட்ட முடியாது. நாலாம் நாள் எல்லோருக்கும் கல் அலுத்துவிடும். அதனால் கம்போடியாவைத் தனிப் பயணமாக அல்ல, தாய்லாந்தின் வாலாகத்தான் பலர் சேர்ப்பார்கள். அதிலும் இப்போது ஒரு சிக்கல். 2025-ல் இரு நாடுகளுக்கும் நடுவே எல்லைச் சண்டை மூண்டு, தரைவழிக் கடப்புகள் மூடப்பட்டன. பாங்காக்கிலிருந்து பஸ்ஸில் போய் எல்லை தாண்டும் பழைய திட்டங்களை இணையத்தில் பார்த்தால் நம்ப வேண்டாம். விமானம் என்றே கணக்கு வையுங்கள். சியெம் ரீப்பின் புதிய விமான நிலையம் 2023 அக்டோபரில் திறந்தது. அது ஊரைவிட்டு வெகு தள்ளி இருக்கிறது, வேன் செலவையும் சேர்க்க வேண்டும்.

லாவோஸ் பற்றி ஒரே பத்திதான். லுவாங் பிரபாங் அழகுக்கு நிகரில்லை, விடியலில் பிக்குகள் வரிசையாகப் பிச்சை ஏற்க வருவது மறக்க முடியாத காட்சி. கே உறவு அங்கே குற்றமில்லை. ஆனால் வெளிநாட்டவர் தாம் மணம் செய்துகொள்ளாத லாவோஸ் குடிமக்களோடு உடலுறவு கொள்வதே சட்டத்துக்குப் புறம்பானது, ஆணானாலும் பெண்ணானாலும். ஊர் சீக்கிரம் தூங்கிவிடும். காதலரோடு போய்ப் படித்து, தூங்கி, ஆற்றைப் பார்த்துக்கொண்டு இருக்க ஏற்ற இடம். பன்னிரண்டு பேர் கொண்ட குழுவுக்கு அல்ல. மியன்மாரைச் சிலர் கேட்பார்கள். 2021 பிப்ரவரி ராணுவக் கவிழ்ப்புக்குப் பின் உள்நாட்டுப் போர், கூடவே இன்னமும் உயிரோடிருக்கும் 377. இப்போதைக்குப் பேச்சே இல்லை.

ஆக, முதல் முறை போகிற குழுவுக்கு என் ஓட்டு தாய்லாந்துக்கு. ஆனால் எந்தத் தாய்லாந்து, யாரோடு என்பதில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள்.

சென்னையிலிருந்து கிளம்பும் வழக்கமான பாங்காக்–பட்டாயா பேக்கேஜை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு இரவு ஐந்து நாள், கோரல் தீவு, ஆல்கசார் ஷோ, சாவ் பிரயா நதியில் இந்திய பஃபே. விலை மலிவு, இட்லிகூடக் கிடைக்கும். நீங்கள் பத்துப் பேரும் சேர்ந்து போனாலும் பஸ்ஸில் இன்னும் முப்பது பேர் இருப்பார்கள். அதில் பாதி ‘பேச்சுலர் டிரிப்’ கூட்டம். மைக்கைப் பிடிக்கிற வழிகாட்டி முதல் மணி நேரத்திலேயே மசாஜ் ஜோக் ஆரம்பிப்பார். ஆல்கசாரில் ஆடும் திருநங்கைகளைப் பற்றி அவர் சொல்வதைக் கேட்டு முப்பது பேரும் சிரிப்பார்கள், நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வீர்கள். எதிலிருந்து விடுமுறை எடுக்கக் கிளம்பினீர்களோ அதையே காசு கொடுத்துக் கூடவே கூட்டிக்கொண்டு போவது மாதிரி ஆகிவிடும். பணம் மிச்சம் என்பதற்காக இதை எடுப்பதைவிட வீட்டிலேயே இருக்கலாம் என்பது என் கட்சி.

அடுத்தது, கே ஆண்களுக்கென்றே கம்பெனிகள் நடத்தும் குறித்த தேதிக் குழுப் பயணம். பெரும்பாலும் வட அமெரிக்க, ஐரோப்பியக் கம்பெனிகள். சில பாங்காக்கிலேயே இருக்கின்றன. பத்திலிருந்து பதினைந்து பேர், கூட வரும் தலைவர் ஒருவர், ஊருக்கு ஊர் உள்ளூர் வழிகாட்டி. விமானக் கட்டணம் விலையில் சேராது. தனி அறை கேட்டால் கூடுதல் கட்டணம். பகிர்ந்துகொள்ளச் சம்மதித்தால் முன்பின் தெரியாத ஒருவரோடு சேர்த்துவிடுவார்கள். விலை நம்மவர்களுக்கு நெஞ்சை அடைக்கும். ஆனாலும் தனியாகப் போக விரும்பாத, சேர்ந்து போக நண்பர் கூட்டமும் இல்லாத ஒருவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஊரில் யாருக்கும் தெரியாமல் வாழ்கிறவருக்கு முன்பின் அறியாதவர்களோடு போவதே ஒரு பாதுகாப்பு. உங்கள் அத்தை மகனின் நண்பர் அந்த வேனில் இருக்க வாய்ப்பில்லை. குறை என்னவென்றால், வயதும் சம்பளமும் பேச்சும் வேறு. அறுபது வயது அமெரிக்கர்கள் ஒன்பது பேர் நடுவே முப்பது வயதுத் தமிழர் ஒருவர் என்பது நடக்கக்கூடியதுதான். அது பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். குழுவின் வயது வரம்பை முன்பணம் கட்டுவதற்கு முன் கேட்டுவிடுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

மூன்றாவது வழிதான் நான் பரிந்துரைப்பது: நண்பர்கள் ஆறிலிருந்து பத்துப் பேர், எல்லோரும் உட்காரும் வேன் ஒன்று, கே வழிகாட்டி ஒருவர். பாங்காக்கிலும் சியாங் மாயிலும் கே பயணிகளுக்கென்றே வேலை செய்யும் வழிகாட்டிகள் இருக்கிறார்கள். உரிமம் வைத்திருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள், வெளிநாட்டவர் வழிகாட்டுவது அங்கே சட்டப்படி கூடாது. பத்துப் பேருக்கு மேல் போனால் காலை ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் தாமதமாகும். பணத்தை வசூலிக்க ஒருவர், அறைப் பங்கீட்டுக்கு ஒருவர் என்று பொறுப்பை இரண்டாகப் பிரியுங்கள். பழைய காதலர்கள் இருவர் ஒரே குழுவில் இருந்தால் அறைப் பங்கீட்டுக்காரருக்குப் போனஸ் கொடுக்கலாம்.

வழித்தடம் வடக்கு நோக்கியதாக இருக்கட்டும். பாங்காக்கில் இரண்டு இரவு. சீலோம் சாலையின் 2-ஆம், 4-ஆம் சந்துகள் எல்லோருக்கும் தெரிந்தவை. நாலாம் சந்தில் வெளியே மேசை போட்டு உட்கார்ந்து போகிறவர் வருகிறவரைப் பார்க்கலாம்; இரண்டாம் சந்து நடனத்துக்கு. அதே சீலோம் சாலையில் கொஞ்சம் நடந்தால் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில். நவராத்திரி முடிவில் தேர் கிளம்பும்போது சாலையையே அடைத்துவிடுவார்கள். அன்று அருள் வந்து ஆடும் தாய்லாந்துக்காரர்களில் கதோய்கள், அதாவது அந்நாட்டுத் திருநங்கைகள், பலர். மஞ்சள் சாமந்திக்கும் வேப்பிலைக்கும் நடுவே அவர்களைப் பார்க்கும்போது, கே வாழ்க்கை என்றாலே பார் வாசல்தான் என்ற எண்ணம் கொஞ்சம் ஆட்டம் காணும். செப்டம்பர், அக்டோபர் மழை பெய்யும் மாதங்கள். இந்த ஒன்றுக்காக நனையலாம்.

சீலோமைப் பற்றி இனிக்க இனிக்க மட்டும் சொன்னால் நேர்மையாகாது. பாங்காக்கின் கே சானாக்களில் சில, தென்னாசியர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புவதாகப் பயணிகள் நடுவே பல காலமாகப் பேச்சு உண்டு. சட்டம் நம் பக்கம் இருந்தாலும் தோல் நிறத்தைப் பார்க்கும் கண் எங்கேயும் உண்டு. உள்ளூர் கே வழிகாட்டி இருந்தால் எங்கே போகலாம், எங்கே மூக்கறுபடும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். அவருக்குக் கொடுக்கும் கூலியில் பாதி இதற்கே தகும்.

பாங்காக்கிலிருந்து அயுத்தயா ஏறக்குறைய 80 கிலோமீட்டர். 1351 முதல் 1767-ல் பர்மியர்கள் எரிக்கும்வரை தலைநகராக இருந்த ஊர். வாட் மகாதாட்டில் மரவேர்களுக்குள் சிக்கிய புத்தர் தலைக்கு முன் படம் எடுக்கும்போது குந்தி உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். புத்தருக்கு மேல் உங்கள் தலை இருக்கக் கூடாது. பிறகு சுகோதை, சைக்கிளில் சுற்ற ஏற்ற இடிபாடுகள். அங்கிருந்து சியாங் மாய், மூன்று இரவாவது. வேன் சலித்துவிட்டால் பாங்காக்கிலிருந்து நேராக இரவு ரயிலில் சியாங் மாய் போய், இடையில் உள்ளதை விட்டுவிடலாம். முதல் வகுப்பில் இருவருக்கு ஒரு கதவடைத்த அறை. ஜோடிகள் இதைத்தான் அடித்துப் பிடித்து முன்பதிவு செய்வார்கள்.

சியாங் மாயைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். 2009 பிப்ரவரியில் அங்கே நடக்கவிருந்த பிரைட் ஊர்வலத்தைச் செஞ்சட்டைக்காரர்கள் என்ற அரசியல் இயக்கத்தினர் வழிமறித்து நிறுத்திவிட்டார்கள். பத்து ஆண்டு கழித்து 2019-ல்தான் மறுபடி ஊர்வலம் நடந்தது. இன்று அங்கே தெருவில் தெரியும் இயல்புத்தன்மை தானாக வந்ததல்ல, பலர் விடாமல் நின்றதால் வந்தது. அடுத்தது, வாட் செடி லுவாங் வளாகத்தில் நகரத் தூண் இருக்கும் சன்னதிக்குள் பெண்களுக்கு அனுமதி இல்லை. ஆண்கள் மட்டுமே உள்ள குழுவில் இந்தப் பலகை யார் கண்ணிலும் படாது. குழுவில் லெஸ்பியன் தோழியோ திருநங்கையோ இருந்தால், வாசலில் நின்று விவாதிக்கும் நிலையை அவர்களுக்கு ஏற்படுத்தாதீர்கள்; அந்த இடத்தைத் தாண்டி தோய் சுதேப் மலைக்குப் போய்விடலாம். திருமணச் சட்டம் வந்த நாட்டில் திருநங்கைகள் அடையாள அட்டையில் பாலினத்தை மாற்றிக்கொள்ள இன்னும் சட்டம் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தாய்லாந்தைச் சொர்க்கம் என்று எழுதும் கட்டுரைகளைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் படிப்பீர்கள்.

கடற்கரை வேண்டும் என்பவர்கள் சியாங் மாயிலிருந்து புக்கெட்டுக்கு விமானம் பிடிக்கலாம். பட்டாயாவின் ஜோம்தியன், தோங்தான் கடற்கரைப் பகுதியும் கே கூட்டத்துக்குப் பழகிய இடம்தான். பாங்காக்கிலிருந்து இரண்டு மணி நேரம். எனக்குப் பட்டாயா பிடிக்காது, அவ்வளவே.

கோயில்களில் ஒரு எச்சரிக்கை மூன்று நாடுகளுக்கும் பொது. தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும். இலங்கையில் புத்தருக்கு முதுகு காட்டிப் படம் எடுப்பது பெரும் அவமதிப்பு. 2012-ல் புத்தர் சிலைக்கு முத்தம் கொடுத்துப் படம் எடுத்த பிரெஞ்சுப் பயணிகளுக்கு நீதிமன்றத் தண்டனை கிடைத்தது. அங்கோரில் நிர்வாணப் படம் எடுத்தவர்களை 2015-ல் நாடு கடத்தினார்கள். கே பயணிகளை இவ்வளவு இயல்பாக ஏற்கும் தாய்லாந்திலேயே, 2017 நவம்பரில் வாட் அருண் கோயிலில் கால்சட்டையை இறக்கிப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்ட அமெரிக்கக் கே ஜோடியை விமான நிலையத்தில் பிடித்து அபராதம் போட்டார்கள். அவர்கள் மாட்டியது கே என்பதால் அல்ல, கோயில் என்பதால். அரசரைப் பற்றி வேனில்கூட விளையாட்டாகப் பேச வேண்டாம். 112-ஆம் பிரிவில் ஒரு குற்றச்சாட்டுக்கு மூன்று முதல் பதினைந்து ஆண்டு. இ-சிகரெட் அங்கே தடை. பையில் இருந்தால் வீட்டிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.

இப்போது யாருக்கு எது என்று பார்ப்போம். குழுவில் பாதிப் பேர் வீட்டுக்குத் தெரியாமல் வருகிறார்கள், யாருக்கும் கே குழுப் பயணத்தில் அனுபவமில்லை என்றால் தாய்லாந்துக்கு வடக்கு வழி, சொந்தக் குழு. துணைக்கு யாருமில்லை, பணம் பிரச்சினையில்லை என்றால் தாய்லாந்துக்கே கம்பெனிக் குழு. ஏற்கெனவே இரண்டு மூன்று முறை சேர்ந்து சுற்றிய, ஒருவரை ஒருவர் நம்பும் ஐந்தாறு பேர் என்றால் இலங்கையைத் தாராளமாக எடுக்கலாம். ஒரே நிபந்தனை: ஆப்களை விமானத்திலேயே அணைத்துவிட்டு, ஊரில் யாரையும் அறைக்கு அழைக்காமல் இருக்க எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். இதற்கு ஒருவர் முகம் சுளித்தாலும் இலங்கை வேண்டாம். அவர் ஒருவரால் வரும் சிக்கல் அத்தனை பேர் தலையிலும் விடியும். அந்நியர்கள் சேர்ந்த குழுவோடு இலங்கைக்குப் போவதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். அங்கோரைப் பார்த்தே தீர வேண்டும் என்ற ஆசை இருந்தால் தாய்லாந்துப் பயணத்தின் முடிவில் மூன்று நாள் ஒட்டவையுங்கள். ஆசையில்லாதவர்கள் பாங்காக்கிலிருந்தே திரும்பட்டும்.

நவம்பர் முதல் பிப்ரவரி தொடக்கம் வரை தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் நல்ல காலம். அதன் பிறகு ஏப்ரல் வரை சியாங் மாயைச் சுற்றி வயலும் காடும் எரிக்கும் புகை; ஆஸ்துமாக்காரர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது. ஏப்ரல் 13 முதல் 15 வரை சோங்கிரான் நீர் விளையாட்டு, அதையொட்டிப் பாங்காக்கில் ஆசியா முழுவதிலுமிருந்து வரும் கே கூட்டத்தின் பெரிய நடன விருந்துகள். அப்போது வடக்கைத் தவிர்த்துப் பாங்காக்கோடு நிறுத்திக்கொள்ளலாம், அறை விலை ஏறியிருக்கும். இலங்கையின் தென்மேற்குக் கரைக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை.

பணம் கட்டும் முன் இரண்டு காரியம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தாய்லாந்து 2024 ஜூலையில் 60 நாள் விசா விலக்கு கொடுத்தது. இது மாறக்கூடியது, டிக்கெட் போடும் நாளில் தூதரகத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 2025 மே முதல் மின்னணு வருகை அட்டையையும் நிரப்ப வேண்டும். இன்னொன்று படங்கள். யார் படம் எங்கே போகலாம் என்பதைக் கிளம்புவதற்கு முன்பே குழுவில் எழுதி, ஒவ்வொருவரும் ‘சரி’ என்று போடட்டும்: யாருடைய முகம் இன்ஸ்டாகிராமில் வரலாம், யாருடையது வாட்ஸ்அப்பைத் தாண்டக் கூடாது, யாரை டேக் செய்யக் கூடாது. கம்பெனிக் குழுவாக இருந்தால் விளம்பரத்துக்கு உங்கள் படத்தைப் பயன்படுத்தும் உரிமையை ஒப்பந்தத்தில் எங்கோ சின்ன எழுத்தில் வைத்திருப்பார்கள். அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாமா என்று கேளுங்கள். முடியாது என்றால் வேறு கம்பெனியைப் பாருங்கள்.